கானாடுகாத்தானா, திருமயமா, சிங்கம்புணரியா? செட்டிநாட்டுச் செம்மண்ணில் சைக்கிள் ஓட்ட எங்கே தங்குவது

“செட்டிநாட்டில் மலையே இல்லையே, மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வாய்?” கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. இந்தத் தை மாதம் அவரும் வருகிறார். அவரோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர், மூன்று இரவு. எந்த ஊரில் தங்குவது என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன் என்பதால் முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். யோசித்ததை எழுதி வைத்தால் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் நண்பரின் கேள்விக்குப் பதில். பெரிய ஏற்ற இறக்கம் இங்கே இல்லைதான். ஆனால் தரை மாறிக்கொண்டே இருக்கும். காலையில் கண்மாய்க்கரையில் ஏறினால் கால் மணி நேரத்தில் செம்புராங்கல் சரளை, அது முடிகிற இடத்தில் தைலமரக் காடு, காட்டைத் தாண்டினால் முந்திரித் தோப்பு மணல், அப்புறம் திடீரென்று யானை முதுகு போல ஒரு கருங்கல் பாறை. ஐந்தும் ஐந்து விதமாக ஓட்டவேண்டிய தரை. மலைப்பாதையில் ஒரே சரிவில் அரை மணி நேரம் இறங்குகிற சுகம் கிடைக்காது. கை, கண், இடுப்பு மூன்றுக்கும் ஓயாமல் வேலை கிடைக்கும்.

ஊரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? சாப்பாடு, அறை, வாடகை எல்லாம் பிறகு. நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: படுக்கையிலிருந்து எழுந்து மண்ணில் டயர் படுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது. தை மாதத்தில் இங்கே விடியவே ஆறரை மணி ஆகும். பத்து மணிக்கு மேல் வெயில் முதுகில் ஏறிவிடும், நிழலும் கிடையாது. மறுபடி நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும். ஆக ஒரு நாளைக்கு ஓட்டக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். அதில் முக்கால் மணி நேரத்தை நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் செலவழித்தால் வந்ததற்கே அர்த்தமில்லை.

இந்தக் கணக்கில் காரைக்குடி முதலிலேயே விழுந்துவிடுகிறது. விடுதி, சைக்கிள் கடை, மருந்துக்கடை எல்லாம் அங்கேதான். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராக அங்கே வந்து நிற்கிறது. இறங்குவதற்கும் திரும்பிப் போவதற்கும் அந்த ஊர்தான் சரி. ஆனால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஊரைத் தாண்டி நல்ல மண் பாதையைப் பிடிக்கவே நேரம் போய்விடும். சைக்கிளை ரயிலில் கொண்டுவருபவர்கள் சின்ன நிலையங்களில் இறங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். வண்டி நிற்கிற நேரம் போதாது. காரைக்குடி ஜங்ஷனில் நிதானமாக இறக்கி, சக்கரம் மாட்டி, காற்று பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மிச்சம் மூன்று ஊர்கள்.

கானாடுகாத்தான் எல்லோருக்கும் பிடிக்கிற ஊர். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கோடு போட்டது போல நேரான அகன்ற தெருக்கள், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற நீண்ட வீடுகள், ஊருணிகள். பழைய வீடுகள் சிலவற்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். செலவு கூடும், ஆனால் தங்கினால் மறக்காது. காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், மத்தியானம் கவுனி அரிசி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்லமாட்டேன். ஒருவர் ஓட்டப் போனால் மற்றவர்கள் ஆத்தங்குடிக்குப் போய், கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றிப் பூக்கல் வார்ப்பதைப் பார்த்துவிட்டு வரலாம்.

மண்ணுக்கும் அதிக நேரம் ஆகாது. தெரு முடிகிற இடத்திலேயே வண்டிப் பாதை தொடங்கிவிடும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. தரை முழுக்கத் தட்டை. ஊருணி, கண்மாய், கொஞ்சம் கருவேலங்காடு, மறுபடி ஊருணி. முதல் நாள் அழகாக இருக்கும். இரண்டாம் நாள் காலையில் கால் வேறு எதையோ தேடும். மலைச் சைக்கிளைவிட அகல டயர் போட்ட சாதாரண சைக்கிளுக்குத்தான் இந்த ஊர் பொருத்தம்.

அங்கே தங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வீடுகளில் தரை ஆத்தங்குடிக் கல். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, வருடக்கணக்கில் மினுக்கம் ஏற்றியிருப்பார்கள். செம்மண் அப்பிய சக்கரத்தை அதன் மேல் உருட்டினால் சிமெண்டின் நுண்துளைக்குள் சிவப்பு இறங்கிவிடும். வெளியிலேயே குழாயடியில் கழுவி, டயரைத் துணியால் ஒற்றிவிட்டு, தூக்கிக்கொண்டு உள்ளே போங்கள்.

திருமயம் என் மனசுக்கு நெருக்கமான ஊர். அதனாலேயே அதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்க நல்ல இடம் குறைவு. சாதாரண லாட்ஜ்தான். சில கிலோமீட்டர் தள்ளிக் கடியாபட்டி, ராமச்சந்திரபுரம் பக்கம் செட்டிநாட்டு வீட்டில் தங்க வசதி உண்டு. அதற்குக் கானாடுகாத்தான் செலவு ஆகும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடைகளும் அதிகம் இல்லை.

ஆனால் தரை! நான் மேலே சொன்ன ஐந்து விதமும் ஊரைச் சுற்றி ஒரு காலை ஓட்டத்துக்குள் கிடைக்கிற இடம் இதுதான். வந்த அன்று சாயங்காலம் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுக் கோட்டைக்கு ஏறிவிடுங்கள். சேதுபதி மன்னர் 1687இல் கட்டிய கோட்டை, இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மலையைக் குடைந்து சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று என்று அடிவாரத்திலேயே இரண்டு குடைவரைக் கோயில். உச்சியில் பீரங்கி நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் மறுநாள் ஓடப்போகிற இடம் முழுவதும் தெரியும். நீர் மின்னுகிற இடம் கண்மாய். அதை வளைத்து ஓடும் கோடு கரை. சாம்பல் பச்சையாகச் சதுரம் சதுரமாகத் தெரிவது தைலமரம். சிவப்பாக உரிந்து கிடப்பது சரளைக் காடு. கைபேசி வரைபடத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. எந்தக் கரையில் ஏறி எங்கே இறங்குவது என்று நான் அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்வேன்.

கண்மாய்க்கரை பார்க்கச் சுலபம், ஓட்டக் கடினம். மழைக் காலத்தில் மாடுகள் சேற்றில் நடந்த குளம்படி அப்படியே காய்ந்து, தையில் கல்லாக இறுகி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் அளவு. முன்சக்கரம் அதில் விழுந்து விழுந்து எழும்போது மணிக்கட்டு கழன்றுவிடும் போல இருக்கும். உட்கார்ந்து ஓட்டக்கூடாது, பெடலில் நின்று முழங்கையைத் தளர்த்தி ஓட்டவேண்டும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடி பள்ளத்தில் வயல். நடுவில் பனைமரம் வந்தால் பாதை ஒரு முழமாகச் சுருங்கும்.

போன வருடம் அப்படி ஒரு கரையில் போய்க்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் துண்டை உதறிக் கையை ஆட்டினார்.

“ஏந்தம்பி, இதுல ஏறி எங்க போறீக?”

“கலுங்கு வரைக்கும் போயி அந்தப் பக்கம் எறங்கலாம்னு, ஐயா.”

“போகாதீக. ஐப்பசி மழையில கரை அறுத்துக் கெடக்கு. புல்லு மூடியிருக்கு, கண்ணுக்குத் தெரியாது. மடைகிட்ட எறங்கி வரப்போட வந்துருங்க.”

மடைக்குப் பக்கத்தில் இறங்கி, நடந்து போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வெட்டு. மேலே பச்சைப் புல் பாய் விரித்தது போலக் கிடந்தது. அன்றிலிருந்து எந்தக் கரையில் ஏறினாலும் முதலில் பார்க்கிற ஆளிடம் கேட்காமல் நான் போவதில்லை. பாதையைக் கேட்டால் இங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கேட்காமல் வரப்பில் ஏறினால்தான் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

அடுத்தது செம்புராங்கல் சரளை. இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். அடியில் தரை சிமெண்டு போல இறுகியிருக்கும். மேலே கடலை அளவு, நெல்லிக்காய் அளவு உருண்டைக் கற்கள் தூவினது போலக் கிடக்கும். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. வளைவில் பிரேக்கைத் தொட்ட உடனே அந்த உருண்டைகள் டயருக்கு அடியில் கோலிக்குண்டாக உருளும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட்டு, வளைவுக்குள் இரண்டு பிரேக்கையும் விட்டுவிடவேண்டும். காற்று அளவும் முக்கியம். தார்ச் சாலைக்கு வைக்கிற 40 பி.எஸ்.ஐ. இங்கே ஆகாது. 70 கிலோ எடையுள்ளவர், 2.25 அங்குல ட்யூப்லெஸ் டயர் என்றால் 22 முதல் 26 வரை போதும். முதல் சரளையில் விழுந்து எழுந்தபிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

தைலமரக் காடு இதற்கு நேர் எதிர். காய்ந்த இலை மெத்தை, சத்தமே இல்லாத ஓட்டம், காலையில் தைல வாசனை. ஆனால் வரிசைகளுக்கு இடையே வாரி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி வரப்புப் போட்டிருப்பார்கள். அதில் நேராக விழுந்து நேராக ஏறினால் அருமையான பயிற்சி, சாய்வாக விழுந்தால் கீழே கிடப்போம். இந்த வாரிகளாலும் தைலமரங்களாலும் கண்மாய்களுக்கு வரத்துத் தண்ணீர் குறைந்துபோகிறது என்பது இந்த வட்டாரத்து விவசாயிகளின் நீண்ட நாள் குறை. நமக்கு ஓட்ட இனிமையாக இருக்கிற காடு அவர்களுக்கு வலிக்கிற இடம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பெரும்பகுதி வனத்துறைப் பொறுப்பில் உள்ள நிலம். உள்ளே போக வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள்.

பாறையில் ஓட்டும் சுகத்தை எழுதிக் காட்ட முடியாது. வெயிலேறாத காலையில் கருங்கல் டயரைப் பிடிக்கிற பிடியே தனி. நிமிர்ந்த சரிவிலும் வழுக்காது. ஆனால் இந்த ஜில்லாவில் பாறை என்றாலே பாதி இடத்தில் குடைவரையோ, கல்வெட்டோ, சமணர் படுக்கையோ இருக்கும். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை இருந்தால் சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு நடந்து ஏறுங்கள். பலகை இல்லாத மொட்டைப் பாறையிலும் சுனைக்கு மேல் போகாதீர்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர் அது. கைவிடப்பட்ட கல்குவாரிகளும் பக்கத்திலேயே இருக்கும். வேலி கிடையாது. பாறை விளிம்பு என்று நினைத்துப் போகிற இடம் நாற்பதடி ஆழக் கிடங்காக இருக்கலாம். தெரியாத பாறையில் முதல் தடவை நடந்து பார்க்காமல் ஏறவே கூடாது.

மூன்றாவது சிங்கம்புணரி. செட்டிநாட்டின் மேற்கு ஓரம், கயிறு திரிக்கிற ஊர், சேவுகப்பெருமாள் அய்யனார் இருக்கிற ஊர். உண்மையான மலை என்று ஒன்று வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். பாரி ஆண்ட பறம்பு என்று சொல்கிற பிரான்மலை பக்கத்தில் நிற்கிறது. கோயம்புத்தூர் நண்பரின் ஓட்டு இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். மலை உச்சிக்குப் போவது பக்தர்கள் நடந்து ஏறுகிற வழி, அதில் சைக்கிள் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அடிவாரத்தைச் சுற்றி வருகிற பாதைகளில் ஏற்ற இறக்கம் உண்டு. தென்னந்தோப்பு நிழலும் உண்டு, அது திருமயத்தில் கிடைக்காத பாக்கியம். காட்டுக்குள் இருக்கிற அய்யனார் கோயில்களில் புரவியெடுப்பில் கொண்டுவந்து நிறுத்திய மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். அந்த இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே நான் இறங்கிவிடுவேன். கோயில்காட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், செருப்பையும் ஷூவையும் எங்கே கழற்றுவது என்று ஊர்க்காரரைக் கேட்கவேண்டும்.

ரயில் இல்லை, காரைக்குடியிலிருந்து 45 கிலோமீட்டர் அளவு தூரம். தங்கும் இடமும் சுமார். மண்ணைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும், அதோடு நல்ல பாதைகள் ஒன்றுக்கொன்று தூரம் தூரமாக இருக்கின்றன. ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தார்ச் சாலைதான் வழி.

இன்னொன்று நாள் பார்த்துப் போவது. பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு. மாசி மகத்தன்று சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் அரளிப்பாறை மஞ்சுவிரட்டு, பாறை மேலே ஜனம் மொய்த்துக் கிடக்கும். தொழுவில் விடுகிற மாடு தவிர, கட்டவிழ்த்து வெட்டவெளியில் விடுகிற மாடுகளும் உண்டு. அவை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லமுடியாது. அந்த நாட்களில் சைக்கிளை எடுக்காமல் பாறையில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும். சாலை ஓரத்து மண் முழுக்க அவர்கள் பாதம் படுகிற இடம். அந்த வாரம் அந்த வழியை அவர்களுக்கு விட்டுவிடுவதே மரியாதை.

திருப்பத்தூர்ப் பக்கம் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். குழந்தைகள்கூட அதை ஏற்றுக்கொண்டு வளர்கிற ஊர் அது. அந்தக் கண்மாய்க்கரையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம், இறங்கி நடந்து பாருங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் மாறாத ஒன்று சீமைக்கருவேல முள். இதைப் பற்றிச் சொல்லாமல் செட்டிநாட்டுக்கு யாரையும் அனுப்பக்கூடாது. கடைசியாகத் திருமயத்தில் ஓட்டி முடித்துப் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது பதினொரு முள் எண்ணினேன். ஒவ்வொன்றும் குண்டூசி கனம், டயருக்குள் போய் ஒடிந்து நுனி மட்டும் வெளியே தெரியும். இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கினேன். உஸ் என்று சத்தம், சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றிவைக்கிற திரவம், வெள்ளையாக நுரைத்து வெளியே வந்தது. அந்த இடத்தைக் கீழே திருப்பிப் பிடித்தேன், பத்து எண்ணுவதற்குள் அடைந்துகொண்டது. ட்யூப் போட்ட டயராக இருந்தால் அன்றைக்குப் பதினொரு பஞ்சர். எங்களோடு ட்யூப் போட்டு வந்தவர் மூன்றாவது பஞ்சரோடு நெடுஞ்சாலையில் வேன் பிடித்துத் திரும்பினார். ஆகவே ட்யூப்லெஸ்தான். 29 அங்குலச் சக்கரத்துக்கு ஒவ்வொன்றிலும் 100 மில்லி அளவு புதுச் சீலன்ட் ஊற்றுங்கள். நம்மூர் வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் அது உறைந்துவிடும், போன வருடம் ஊற்றியதை நம்பி வராதீர்கள். முள்ளை வழியில் பிடுங்கவேண்டாம், அதுவே அடைப்பாக நிற்கும். அறைக்கு வந்து பிடுங்குங்கள்.

சைக்கிள் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். அது அமுங்குகிற அளவு 100 அல்லது 120 மில்லிமீட்டர் இருந்தால் சரி. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது இங்கே வெறும் சுமை. கியரைத் தாங்குகிற ஹேங்கர் ஒன்று உபரியாகக் கொண்டுவாருங்கள். வாரியில் விழுந்து எங்களில் ஒருவருக்கு அது வளைந்தது, அந்த மாடலுக்கு உரியது காரைக்குடியில் கிடைக்கவில்லை, மிச்ச இரண்டு நாளும் அவர் ஒரே கியரில் ஓட்டினார். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.

எங்கள் ஐந்து பேருக்கு நான் எடுத்த முடிவு இது. இரண்டு இரவு திருமயம், சாதாரண லாட்ஜ். மூன்றாவது நாள் காலை சைக்கிளிலேயே கானாடுகாத்தானுக்கு ஓட்டிவிடுவது. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், மண் பாதையாகச் சுற்றி வந்தால் ஒரு காலை வேளைக்குச் சரியாக இருக்கும். கடைசி இரவு அங்கே பழைய வீட்டில், குடும்பத்தார் காரில் வந்து சேர்ந்துகொள்வார்கள். சிங்கம்புணரியை மாசி கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், மகம் கழிந்தபிறகு, தனியாக இரண்டு நாள். கோயம்புத்தூர் நண்பருக்கு இதில் வருத்தம் இருக்கும். அவரை முதல் சாயங்காலமே திருமயம் கோட்டை உச்சிக்குக் கூட்டிப் போய் அந்தச் சிவந்த சரளைக் காட்டைக் காட்டுகிறேன்.